புதுக் கம்பிகள்

ஊரின் ஒரு கோடியிலிருந்த நிக்டியிலிருந்து மறுகோடியிலிருந்த வான்வடிக்கு அந்த மழையில் வந்து சேர்வதற்குள் கிரேக்குக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குடையை வாசலிலேயே உதறிவிட்டு அந்தப் பழைய ஓட்டு வீட்டின் கதவைத் தட்டினார். சிநேகிதன் நார்மனின் மனைவி ஆட்ரி திறந்தாள். கையில் பை, காலில் செருப்பு.

"வாங்கண்ணா. பேக்கரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நாளைக்கு ஜெபத்துக்குப் பலகாரம் சொல்லி வைக்கணும். கிடார் அவர் ரூம்லதான் இருக்கு."

மறுநாள் நார்மன் இறந்து நாற்பதாம் நாள்.

போசரியில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடுகளில் சேர்ந்து வாசித்தவர்கள் இருவரும். கிரேக்குக்கு அது பொழுதுபோக்கு. நார்மனுக்கோ பழைய எலெக்ட்ரிக் கிடார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் உடைந்த ஃபேன்களுக்கு நடுவே, ஏறக்குறைய தன் வயதே ஆன சிவப்பு அமெரிக்க கிடாரைக் கண்டெடுத்தபோது நடுத்தெருவில் உட்கார்ந்து அழுத மனுஷன் அவர்.

நாளை ஜெபத்தில் அந்தச் சிவப்பு கிடாரைத்தான் கிரேக் வாசிப்பதாக ஏற்பாடு. எடுத்துப் பார்த்தார். கம்பிகள் கன்னங்கரேலென்று துருவேறிக் கிடந்தன. நார்மனின் வேர்வை அப்படி. புதுக் கம்பி போட்டால் ஒரே வாரத்தில் கறுத்துவிடும். "உன் உடம்புல ஆசிட்தான் ஓடுதுடா" என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடை என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

இறந்தவனின் கிடாருக்குக் கிடார்காரன் செய்யும் மரியாதை வேறென்ன? பழைய கம்பிகளை வெட்டி எடுத்தார். கழுத்துப் பலகையை எண்ணெய் போட்டுத் துடைத்தார். கையோடு கொண்டுவந்திருந்த புதுக் கம்பியை மாட்டிச் சுருதி சேர்த்தார். நார்மன் தன் கட்டைக் குரலுக்காக எப்போதும் அரைச் சுருதி இறக்கி வைப்பார். கிரேக் சரியான சுருதியிலேயே வைத்தார். துருக்கம்பி யார் காலிலாவது குத்தப்போகிறதே என்று காகிதத்தில் சுருட்டி, வீட்டுக்குப் பின்னால் கரைபுரண்டு ஓடிய நாலா ஓடையில் வீசினார்.

ஆட்ரி திரும்பி வந்து அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பழசு எங்கண்ணா?"

"நாலாவுல போட்டுட்டேன். ஏம்மா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "துணிமணியெல்லாம் சர்ச்சுக்குக் குடுத்தாச்சு. படுக்கையையும் மாத்தியாச்சு. அவரோட வேர்வை அந்தக் கம்பியிலதான் மிச்சம் இருந்துச்சு. தினம் சாயங்காலம் வந்து ஒரு தடவை தொட்டுட்டுப் போவேன். விரல்ல ஒட்டும். அவர் வாசனை வரும்."

இதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? ஜன்னலுக்கு வெளியே நாலா இரைந்துகொண்டு ஓடியது. கிரேக் உடைந்து அழுதார். அவளும் அழுதாள்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று.

மழை இருட்டு அறைக்குள் இறங்கியது. ஆட்ரி மெழுகுவர்த்தி தேட எழுந்தவள், பாதியில் நின்றாள்.

"அண்ணா. நீங்களா?"

"நான் இங்க கதவுகிட்ட இருக்கேம்மா."

ஸ்டாண்டில் சாய்ந்திருந்த கிடாரிலிருந்து மெல்லிய ஒரு சத்தம். கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிடாரின் சத்தம் கொசுவின் ரீங்காரம் அளவுக்குத்தான் இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். ஆட்ரி தூங்கும்போது நார்மன் அப்படித்தான் வாசிப்பார், அவளை எழுப்பக்கூடாதென்று.

முதல் கம்பியின் நாதம் வழுக்கிக்கொண்டே கீழே இறங்கியது.

முறுக்காணி ஒன்று கிரீச்சிட்டது.

பிறகு அடுத்த கம்பி. அதற்கடுத்தது.

அரைச் சுருதி. சரியாக அரைச் சுருதி.

நாற்பது வருஷம் பக்கத்தில் நின்று வாசித்த கிரேக்கின் காது பொய் சொல்லாது. துருவும் வேர்வையும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவியது, ஆலையில் ஷிஃப்ட் முடிந்து சட்டையைக் கழற்றும்போது நார்மனிடம் வரும் அதே வாடை.

"ஓடிடலாம்மா," என்று கிசுகிசுத்தார்.

"நீங்க போங்கண்ணா," என்றாள் ஆட்ரி. அவள் குரலில் நடுக்கம் இருந்தது, ஆனால் பயம் இல்லை. "நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன் நார்மன். வாசிங்க."

கிடாரில் ஒரு மெட்டு எழுந்தது, அவர்கள் கல்யாணத்தன்று நார்மன் வாசித்த மெட்டு. கிரேக்கும் அன்று மேடையில்தான் இருந்தார். வரி தப்பாமல் வந்து, எப்போதும் நார்மன் தடுமாறும் இடத்தில் தடுமாறி, நின்றது.

கரண்ட் வந்தது.

ஸ்டாண்டில் கிடார் அசையாமல் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. கீழ்ப்பாதியில் கம்பிகள் கடையிலிருந்து வந்ததுபோல் பளபளத்தன. மேலே கழுத்துப் பக்கத்தில், அந்த மெட்டுக்கு விரல் வைக்கும் இடங்களில் மட்டும், கன்னங்கரேலென்று இருந்தன.

"துடைச்சுடாதீங்கண்ணா," என்றாள் ஆட்ரி.

அவள் ஒரே ஒரு விரலால் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கிரேக்கிடம் கையை நீட்டிக் காட்டினாள்.

விரல் நுனியில் வேர்வை இன்னும் காயவில்லை.