வாய் திறக்காதவள்

பன்னிரண்டு நாளாக ஒரு பருக்கைகூட உள்ளே போகாத மனைவியின் தாடை, எதையோ மெல்வதுபோல் அசைந்துகொண்டிருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் கிட்டே போய் உற்றுப் பார்த்தான். மெல்லவில்லை. உள்ளே எதையோ மெதுவாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அசைவு அவனுக்குப் பழக்கம்தான். கூடத்துத் தொட்டியில் அவன் வளர்க்கும் சிக்லிட் மீன்களில், விரல் நீளம்கூட இல்லாத தாய் மீன் ஒன்பது நாளாக அதையேதான் செய்துகொண்டிருந்தது. முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் வகை. குஞ்சுகள் நீந்தும்வரை அதற்குப் பட்டினிதான். "இப்படி ஒரு அம்மா கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் சார்," என்று சொல்லியே மீன்கடைக்காரர் ஜோடியை அவன் தலையில் கட்டினார். அப்போது மனைவிக்கு ஏழாம் மாதம். "மீனைப் பாக்கற பார்வைல பாதியாவது என்னைப் பாருங்க," என்று நாளெல்லாம் கேலி செய்வாள்.

பிறந்த குழந்தை எட்டு நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுக்க மாட்டேன் என்று அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நர்ஸே தயங்கி நின்றபோது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவன்தான், கை நடுங்காமல், அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழந்தையை எடுத்தான். அன்று மூடிய வாய். தண்ணீரை மட்டும் உதட்டிடுக்கில் உறிஞ்சிக்கொள்வாள்.

"டேய், இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவளையும் பறிகொடுத்துட்டு நிக்காதே," என்றாள் அக்கா போனில்.

சாயங்காலம் போகலாம் என்றிருந்தான். அதற்குள் ஒரு நப்பாசை. உயிருள்ள குஞ்சுகளைக் கண்ணால் பார்த்தால் ஒரு வார்த்தையாவது பேச மாட்டாளா? குஞ்சுகள் நீந்த இன்னும் ஐந்து நாள் பொறுத்திருக்க வேண்டும், பொறுக்கவில்லை. தாய் மீனை வலையில் பிடித்து, ஈரக் கையில் வைத்து, தீக்குச்சி முனையால் தாடையைத் திறந்தான். குஞ்சுகள் கிண்ணத்தில் உதிர்ந்தன. வயிற்றில் மஞ்சள் பை தொங்க, நீந்தத் தெரியாமல், அடியில் கிடந்து துடித்தன.

"பாரும்மா, எத்தனை குஞ்சு!"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு, பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக, அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. பயம். சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

மதியத்துக்குள் குஞ்சுகள் எல்லாம் செத்துவிட்டன. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூடத்திலிருந்து காற்றுக் குழாயின் குமிழிச் சத்தமும் தொட்டித் தண்ணீரின் பாசி வாடையும் அறைவரை வந்துகொண்டிருக்க, தான் செய்தது எத்தனை பெரிய தப்பு என்று குமுறியபடி ஒரு டம்ளர் பாலோடு உள்ளே போனான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

வேறு வாடை. குழந்தைப் பவுடர். புளித்த தாய்ப்பால்.

அவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் மாட்டிய கண்ணாடியில் முகம் தெரிந்தது. தாடைக்கு அடியில் கழுத்து உப்பியிருந்தது. விக்கல் சத்தம். சின்ன விக்கல். எட்டு நாள் கேட்ட அதே விக்கல்.

உதடுகள் பிரிந்தன. நடுவில் ஒரு விரல். நகம் வெட்டாத குட்டி விரல். காற்றைத் தொட்டுப் பார்த்தது.

டம்ளர் கீழே விழுந்தது.

"குடும்மா," என்றான் அழுதுகொண்டே. "ஒரே ஒரு தடவை. நானும் பாத்துக்கறேன்."

கை தானாக அவள் தாடைக்கு நீண்டது. நடுங்காத கை. அவள் திரும்பினாள். கண்களில் அதே பயம். அப்போதுதான் நினைவு வந்தது. பயந்துபோனால் தாய் மீன் குஞ்சுகளை விழுங்கிவிடும்.

"வேண்டாம்... வேண்டாம்மா..."

அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

விக்கல் நின்றது. பிறகு அவள் வாயை அகலத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.