இறகி: அன்றாடப் பயன்பாட்டுக்கு எப்படி?

இறகி மடிக்கணினி கடைக்கு வந்த பிறகு கோயம்புத்தூரில் யாரும் நினைவுப்பெட்டியைச் சுமந்துகொண்டு அலைவதில்லை. அதற்கு முன்னால், பிறந்தது முதல் எடுத்த படம், பேசிய பேச்சு, பார்த்த காட்சி எல்லாம் அடங்கிய அந்தப் பெட்டியை ஒவ்வொருவரும் செங்கல்லைத் தூக்குவதுபோலத் தோளில் தூக்கித் திரிந்தார்கள். தூக்க முடியாதவர்கள் இணையத்து மேகக்கிடங்கில் போட்டுவிட்டு மாதாமாதம் வாடகை கட்டினார்கள். இறகிக்கு வாடகையும் இல்லை, கனமும் இல்லை. அந்த மடிக்கணினியைத் துண்டுபோல அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

அதன் சூட்சுமம் உதிர்நினைவகம். உரிமையாளர் எதைத் திறக்கிறார், எதைத் திறப்பதில்லை என்று இறகி கவனித்துக்கொண்டே இருக்கும். அடிக்கடி திறப்பதை முழுதாக வைத்துக்கொள்ளும். தொடாமல் கிடப்பதை அழித்து, அந்த இடத்தைப் புதியதற்குக் கொடுத்துவிடும். கொஞ்சம் இடத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் எடையும் குறைவு, விலையும் குறைவு. மனிதர்கள் சேர்த்து வைப்பதில் பெரும்பகுதி குப்பை என்று கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான். எது குப்பை என்பதை மட்டும்தான் அவன் கண்டுபிடிக்கவில்லை.

கருவிகளை மதிப்பிடுவது சஞ்சித்தின் தொழில். அவன் நல்லது என்று சொன்னால் ஊர் வாங்கும். முகம் சுளித்தால் கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் அவனுடைய வழக்கம். எந்தக் கணினி மதிப்பீட்டுக்கு வந்தாலும், பழைய கணினியைத் துடைத்துவிட்டு, மேகக்கிடங்கையும் காலி செய்துவிட்டு, தன் வாழ்க்கை மொத்தத்தையும் புதியதற்குள் கொட்டி ஒரு மாதம் குடியிருப்பான். “வெறும் வீட்டைச் சுத்திப் பாத்துட்டு வீடு நல்லாருக்குன்னு சொல்ற ஆள் நான் இல்லீங்க” என்று தன் காணொளி நிகழ்ச்சியில் பெருமையடித்துக்கொள்வான்.

இறகியின் முதல் வகை, எதையும் அழிக்கும் முன் உரிமையாளரிடம் கேட்டது. சஞ்சித் அதை வறுத்தெடுத்தான். “இதை எடுக்கட்டுமா, அதை எடுக்கட்டுமான்னு புது மாப்பிள்ளையாட்டம் நச்சரிக்குது. கேட்டாத்தான் ஞாபகம் வர்ற பொருள் நமக்கு எதுக்குங்க?” என்றான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நிறுவனம் சிரிக்கவில்லை, அடுத்த வகையில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு, அவனுக்கு நன்றி சொல்லி அந்தப் புது வகையின் முதல் இறகியை அவனுக்கே அனுப்பியது.

மாத முடிவில் அவன் தீர்ப்புச் சொன்னான். கையில் உறுத்தாத எடை, சட்டென்று விழிக்கும் திரை, நாள் முழுக்கத் தாங்கும் மின்கலம். “என் வாழ்க்கையில எதுவும் குறைஞ்ச மாதிரியே தெரியலை. கண்ணை மூடிட்டு வாங்குங்க.” ஊரும் அப்படியே வாங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி கீர்த்திகா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர்களுடைய ஒரே மகள் யாழ்மொழி இரத்தப் புற்றுநோயில் போய்ச்சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவைப் பார்த்துப் பார்த்து, அந்தக் குழந்தையும் வீட்டில் கண்டதையெல்லாம் மதிப்பீடு செய்யும். செருப்பு, சீப்பு, பக்கத்து வீட்டு நாய், எதையும் விடாது. அந்தப் பேச்சையெல்லாம் இருவரும் பதிந்து வைத்திருந்தார்கள். அவள் போன பிறகு கீர்த்திகா தன்னிடம் இருந்த பதிவுகளையும் அவனிடம் கொடுத்துவிட்டாள். “என்ர கையில இருந்தா நான் பைத்தியமாயிருவேன். நீங்களே வெச்சிருங்க. நான் கேக்கறப்பக் குடுங்க” என்றாள். இதுவரை அவள் கேட்கவில்லை.

“ஏங்க, அவ பேசுனதைப் போடுங்க. இன்னைக்குக் கேட்டுருவேன்னு தோணுது” என்றாள் இப்போது.

சஞ்சித் இறகியைத் திறந்தான். மகளின் பதிவுகள் இருந்த கோப்புறையின் பெயரைப் பார்த்தாலே அவன் கண்ணைத் திருப்பிக்கொள்வான். எல்லாவற்றையும் இறகிக்குள் கொட்டிய அன்றும் அப்படித்தான் திருப்பிக்கொண்டான். அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. இப்போது தேடினான். உறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

நிறுவனத்துக்குப் பேசினான். எடுத்த இளைஞன் குரலை அடையாளம் கண்டு குதூகலித்தான். “சார், நீங்களா! உங்க மதிப்பீட்டுக்கப்புறம் விற்பனை எங்கியோ போயிருச்சுங்க சார்.” விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் இறங்கியது. எதையோ தட்டிப் பார்த்தான். “சார், அந்த உறையை நீங்க ஒரு தடவைகூடத் திறக்கலையேங்க.”

“திறக்க முடியலைப்பா. அவ என் மக. அவ குரலைக் கேட்டா என்னால தாங்க முடியாது. அதனாலதான் திறக்கலை.”

“அது இறகிக்குத் தெரியாதுங்க சார். இனி எடுக்கவும் முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க.”

கீர்த்திகா அழவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இறகியைத் தன் மடிக்கு இழுத்து, “ஏதாச்சும் ஒண்ணு இருக்கும், பாக்கலாம்” என்று மகளின் பெயரைத் தட்டினாள்.

திரை நிறைந்துவிட்டது. இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஊடுகதிர்ப் படங்கள், மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த தாள்கள், ஒன்றுவிடாமல் இருந்தன. எல்லாவற்றின் மேலும் ‘அன்றாடம் தேவைப்படுவது’ என்ற பச்சைக் குறி மின்னியது.

“இதையெல்லாம் எதுக்குங்க இது வெச்சிருக்குது?”

அவளுக்கே புரிந்தது. “தினமும் பாத்தீங்களா?”

“நீ வேலைக்குப் போனப்புறம்.”

“எதுக்கு?”

“முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சிருக்குமான்னு… நாம கவனிக்காம விட்டுட்டமான்னு.”

கீர்த்திகா இறகியை மூடி வைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “சரி விடுங்க. கருவி போனாப் போகுது, நமக்கு ஞாபகம் இருக்குதுல்ல. ஒரு நாள் என் ரசத்தைக் குடிச்சுப்போட்டு உங்களையாட்டமே குரலை இழுத்து என்னமோ சொன்னாளே, நீங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சீங்க. நான் அடுப்படியில இருந்தேன், சரியாக் கேக்கலை. என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

சஞ்சித் வாயைத் திறந்தான். எந்தத் தேதியில் அவள் இரத்தத்தில் வெள்ளணு எவ்வளவு ஏறியது, தட்டணு எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் வரிசை பிசகாமல் நினைவுக்கு வந்தன. மகள் ரசத்தைப் பற்றிச் சொன்னது வரவில்லை. கீர்த்திகா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.