கேட்கும் பகுதி

உறைந்த மூளையில் அந்தப் பச்சை தெரியவே கூடாது. செல்களில் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று சாயமேற்றிப் பார்த்து, அதை வைத்து மூளைக்கு வரைபடம் போடுவதுதான் அவள் வேலை. அதில் ஒரு மரபணு மட்டும் தனி ரகம். உயிருள்ள செல் எதையாவது உணர்ந்தால் உடனே விழிக்கும், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். அதற்குத்தான் பச்சைச் சாயம். செத்துப் பல மாதமான மூளையின் கேட்கும் பகுதியில் அது பளிச்சென்று எரிந்தது.

அது அவள் அக்காவின் மூளை. அக்காவே தானமாக எழுதிக் கொடுத்தது. வேறு யார் கையும் படக்கூடாது என்று அடம்பிடித்து, வெட்டும் வேலையை இவள் வாங்கிக்கொண்டாள். வெட்டும்போது வாய் ஓயாது. அக்கா மகள் பரீட்சையில் கோட்டைவிட்டது வரை எல்லாக் கதையும் சொல்வாள்.

இன்று விடுமுறை. குளிரறையில் கம்ப்ரசரின் உறுமலும், சாயத்தின் புளித்த வாடையும், கையுறைக்குள் மரத்துப்போன விரல்களும் தவிர வேறெதுவும் இல்லாத மதிய நேரத்தில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒரு துண்டு வெட்டினாள். தன் பேச்சுதான் காரணமா என்று பார்க்க, ஒரு வார்த்தை பேசவில்லை. சாயம் ஏறியதும் நுண்ணோக்கியின் திரையைப் பார்த்தாள். கேட்கும் பகுதி இருட்டு.

பக்கத்தில், பயத்தின் பகுதி மட்டும் பச்சை.

பேச்சு நின்றதும் அக்கா பயந்திருக்கிறாள். இத்தனை நாள் இவள் பேச்சுதான் அக்காவைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

தலைமை விஞ்ஞானி உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "சாயம் ஒழுகியிருக்கும்மா. அதை அழிச்சிட்டு மீதியை வெட்டு. நாளைக்குப் படம் போயாகணும்."

"மாட்டேன் சார்."

"என்னது?"

"வெட்ட மாட்டேன். வேற யாரையும் வெட்ட விடவும் மாட்டேன். உங்களால ஆனதைப் பாத்துக்குங்க."

அவர் காவலரைக் கூப்பிடப் போனார். அவள் கதவைத் தாழிட்டாள். வெட்டும் இயந்திரத்தின் கத்தியைக் கழற்றிக் குப்பையில் வீசினாள்.   வேலை போனால் போகட்டும்.

மீதி மூளை இருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாதக்கா. இனிமே ஒருத்தரும் உன்னை வெட்ட முடியாது."

திரையில் கேட்கும் பகுதி மெல்லப் பச்சையானது.

ஏற்கெனவே வெட்டிய துண்டு. கண்ணாடியில் ஒட்டிய துண்டு.

அதற்குமா கேட்கிறது?

சுவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கையாலேயே வெட்டி அடுக்கியவை. நூற்றுக்கணக்கில். கதவிடுக்கில் பச்சை வெளிச்சம். கீழ்த்தட்டு. நடுத்தட்டு. பிறகு மேல்தட்டில், முதல் மாதம் வெட்டிய பேசும் பகுதி, ஒவ்வொரு கண்ணாடியாக எரியத் தொடங்கியது.