மூஸா வீட்டு மாடியறை

"வீடு யாருடையதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னா, இந்தப் பையன் குருவிக்கூட்டைப் படம் எடுக்கறானே!" ஹஃப்ஸா தலையில் அடித்துக்கொண்டாள்.

துப்பறிவாளர் தஹ்மீனா தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டைக்கு வந்து வெகு நேரமாகியும் டீதான் குடித்துக்கொண்டிருந்தார். உதவியாளன் முபாரக்கோ மாடியறையைச் செல்போனில் சுட்டுத் தள்ளினான். ஹஃப்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டனார் மூஸா கட்டிய வீடு. மகளுக்கு, அதாவது ஹஃப்ஸாவின் உம்மாவுக்கு, வாய்வார்த்தையாகக் கொடுத்தது. சாட்சிகள் எல்லாரும் மண்ணுக்குள். இப்போது முகமே பார்த்திராத மாமன் மகன் ஜாஃபர் சாதிக், வீட்டைத் தன் வாப்பாவுக்குத்தான் கொடுத்தார் என்று வந்து நிற்கிறான். வெள்ளிக்கிழமை ஜமாத்தில் தீர்ப்பு. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜாஃபர் வந்து வாயைத் திறந்ததுமே ஹஃப்ஸா, "பொய்! அத்தனையும் பொய்!" என்று பாய்ந்தாள். இதுவரை அவனை இரண்டாவது வாக்கியத்துக்கு அவள் போகவிட்டதே இல்லை.

"ஒரு தடவையாவது முழுசாக் கேட்போங்க," என்றார் தஹ்மீனா.

ஜாஃபருக்குத் தெம்பு வந்தது. "அந்த மாடியறை வாப்பா கல்யாணத்துக்குன்னே தாத்தா கட்டினது. உம்மா சீர்காழிலேர்ந்து கல்யாணப் பொண்ணா வந்து, இந்த வாசல்லதான் வலது காலை எடுத்து வச்சாங்க. அப்புறந்தான் வாப்பா சீர்காழில கடை போட்டாரு. நான் வளர்ந்ததெல்லாம் அங்க."

"மேடம், அறை ரொம்பப் பழசு. இவர் சொல்றது சரிதான்!" என்றான் முபாரக். ஹஃப்ஸா அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

தஹ்மீனா அவளிடம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் பிறந்தது எந்தத் தெரு?"

"பின்னாடித் தெரு. அதுக்கென்ன இப்ப?"

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"இங்கதான். வேற எங்க இருப்பாரு? இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அதுதாங்க விடை. இங்கெல்லாம் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். கல்யாண அறை மகளுக்குத்தான் கட்டுவாங்க. ஜாஃபர், நீங்க வளர்ந்த இடத்துல பொண்ணு மாமியார் வீட்டுக்குப் போகும். இங்கயும் அப்படித்தான்னு நினைச்சுக் கதையை ஜோடிச்சுட்டீங்க. மருமகள் குடிவந்த வீடுன்னு ஒண்ணு இருந்திருந்தா, இந்தத் தெரு இன்னிக்கு வரைக்கும் அதையே பேசிக்கிட்டிருக்கும். அந்த அறைக்கு மாப்பிள்ளையா வந்தவர் ஹஃப்ஸாவோட வாப்பா."

ஜாஃபர் தலைகுனிந்தான். "வாப்பா மவுத்தாகிற வரைக்கும் இந்த வீட்டைப் பத்தியேதான் பேசினாரு. உள்ள வர எனக்கும் ஒரு உரிமை வேணும்ல?"

ஹஃப்ஸாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டின. "அட கூறுகெட்டவனே! உன் வாப்பா கூடப் பொறந்த மாமி மவ வீடுன்னு வந்திருந்தா யாருடா உன்னைத் தடுத்தா? வீட்டைக் கேட்டு வந்தியே, ஒரு வாய் சோறு கேட்டு வரக்கூடாதா? உக்காரு. சாப்பிட்டுட்டுப் போ. வெள்ளிக்கிழமை ஜமாத்துல உன் வாயாலயே உண்மையைச் சொல்லிட்டு, வந்து மறுபடியும் சாப்பிடு."