பதினாலாம் நம்பர் போன்

மழை... மூன்று நாளாக விடாத மழை. வெளியே இருட்டிக் கிடந்தது; அவள் மனசுக்குள் அதைவிட இருட்டு. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வளைவில் வேகமாகத் திரும்பிய நர்ஸ், நடுவழியில் நின்ற ஏணியில் மோதினாள். மேலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர் விழுந்தது.

“வழியில ஏணியைப் போட்டுக்கிட்டு... ஆளு வர்றது கண்ணுக்குத் தெரியலையா?”

“மோதினது நீங்க, திட்டு எனக்கா? நல்லா இருக்கே நியாயம்!”

இறங்கி வந்தான் நெட்வொர்க் பார்க்கிறவன். அவள் கண்களைப் பார்த்தான்... அழுது சிவந்த, பெரிய கண்கள். அப்புறம்தான் அவள் கையிலிருந்த போனைக் கவனித்தான். வைஃபையில் பேசுகிற ஆஸ்பத்திரி போன். நம்பர் பதினாலு.

“இதைச் சரி பண்ணத்தான் வந்தீங்களா? ஒரு மாசம் லேட்டு,” என்றாள் கசப்பாக. “எங்கப்பா கீழ் மாடியில கடைசி மூச்சுல என்னைத் தேடினார். நான் இதோ, இந்தத் துணி அறையில நின்னுட்டிருந்தேன். மூணு தடவை கூப்பிட்டாங்களாம். போன் அடிக்கவே இல்ல. வேணும்னே எடுக்கலைன்னு அம்மா நினைக்கிறாங்க. இன்னிவரைக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.”

அவனுக்குத் திக்கென்றது. மத்தியானத்துக்குள் சார்ஜ் தீருகிறது என்று நர்ஸ்கள் சத்தம் போட்டதால், போன்கள் நடுநடுவே தூங்கி விழிக்கும் நேரத்தை நீட்டி வைத்தவன் அவன்தான். ஒரு வைஃபை பெட்டியை விட்டு அடுத்ததற்கு மாறும் இடத்தில் போன் அப்படித் தூங்கினால், அழைப்பு வந்ததே அதற்குத் தெரியாது. சொல்லிவிடு என்றது மனசு. இந்தக் கண்கள் என்னை வெறுத்துப் பார்க்குமே... விழுங்கிவிட்டான்.

“நீங்க போன்ல எண்ணிக்கிட்டே நடங்க. எங்க குரல் அறுபடுதுன்னு நான் இந்தக் கோடியிலிருந்து கேக்கறேன்.”

தினமும் ட்யூட்டி முடிந்ததும் நடந்தாள். “ஒண்ணு... ரெண்டு...” பதினேழில், துணி அறை வாசலில், குரல் அறுந்துவிடும். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட, அவன் மட்டும் ‘பதினாலு’ என்றான். அவள் ‘ஏணி’ என்றாள்.

“ஏணி சார், என் செருப்பே தேஞ்சு போச்சு. வேற ஆளே கிடைக்கலையா?”

“உங்க குரல்தான் மெஷினுக்குப் பிடிச்சிருக்கு...”

“மெஷினுக்கா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா போய் எத்தனை நாளாச்சு, அதுக்குள்ள சிரிக்கிறேனே... உடனே அழுகையும் வந்தது.

ஐந்தாம் நாள். முந்தின ராத்திரியே அவன் துணி அறைப் பக்கம் வைஃபை பெட்டியை நகர்த்தி, போன்கள் தூங்கும் நேரத்தையும் பழையபடி குறைத்திருந்தான். பதினேழைத் தாண்டினாள்... முப்பதையும் தாண்டினாள். குரல் அறுபடவே இல்லை. நாற்பதில் நின்றாள்.

“சரியாயிடுச்சு! அப்போ... இனிமே நடக்க வேண்டாமா?”

அந்த வருத்தத்தைக் கேட்டதும் அவனுக்குத் தாங்கவில்லை.

“பதினாலு... வைக்காதீங்க. சார்ஜ் நிக்கணும்னு போனைத் தூங்க வச்சது நான்தான். அன்னிக்கு அது அடிக்காததுக்கு நான்தான் காரணம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மொத நாளே தெரியும்... சொல்லப் பயந்துட்டேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு.”

அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். அஞ்சு நாளா தெரிஞ்சே நடக்க விட்டியா, பாவி... அப்பா கதவையே பார்த்துக்கிட்டிருந்தாராமே...

“கேக்குதா?”

“கேக்குது...” விம்மினாள். “உங்க முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கு. ஆனா போனை வைக்க மனசு வரலையே, நான் என்ன பண்ண?”

“அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன். வேலை போனா போகட்டும்.”

“அடிச்சாலும் வாங்கிக்கணும்.”

“வாங்கிக்கிறேன்.”

மழை இன்னும் விடவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அழுதுகொண்டே, அவன் நின்ற பக்கமாகத் திரும்பி நடந்தாள்.

“நாற்பத்தொண்ணு... நாற்பத்திரெண்டு... மன்னிக்க ரொம்ப நாளாகும், ஏணி. அதுவரைக்கும் எங்கேயும் போயிடாதீங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சுத் தொலைச்சிருக்கு.”