இருபத்தாறு டிகிரி

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, நிறைமதி ஈரத்துணியால் ஆர்க்கிட்டின் இலைகளைத் துடைத்தாள். ஐந்து இலைகள். பிறகு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கிளம்புவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் மலைக்கோபுரத்தில் நாற்பதாயிரம் பேர். சமவெப்பச் சட்டப்படி உள்ளே எந்நேரமும் இருபத்தாறு டிகிரி. சமவெளி கொதித்தபோது ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வெயிலுக்கு மட்டும் பயந்து வளர்ந்தோம். ஆர்க்கிட்டுகள் பூத்த நிலையில் கடைக்கு வரும், பூ உதிர்ந்ததும் குப்பைக்குப் போகும். மறுபடி பூக்குமா என்று கேட்கும் அளவுக்கு இங்கே எவருக்கும் மூளை வேலை செய்ததில்லை. "புதுசு வாங்கிக்க வேண்டியதுதானே மதி? காஞ்ச குச்சிக்குப் போய் வளைகாப்பா நடத்துறே?" என்பாள் எதிர்வீட்டு ரெஜினா.

நிறைமதி பழைய தோட்டக் குறிப்பொன்றைப் படித்திருந்தாள். சில வாரங்கள் இரவில் குளிர்ந்தால்தான் அந்தச் செடி புதுத் தண்டு விடும். அந்தக் குளிர், கோபுரத்துக்கு வெளியே பராமரிப்பு மாடத்தில் மட்டுமே இருந்தது. ஆளில்லாமல் வைத்த எதையும் குப்பை எந்திரம் அள்ளிப்போய்விடும் என்பதால், மூன்று வாரமாக அவளும் செடியோடு உட்கார்ந்திருந்தாள். அன்று அங்கே சாரல் அடித்திருக்கிறது.

விடிந்து வந்தாள், சொட்டச் சொட்ட நனைந்து. மேலாடை தொட்டியைச் சுற்றியிருந்தது. "ஏங்க, பாருங்க... தண்டு," என்றாள். நாக்குக் குழறியது. அப்படியே சரிந்தாள். மயங்கினால் விசிறுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். விசிறினேன்.

மருத்துவப் பிரிவு அனுப்பிய ஜோதிபாசு அவள் மார்பில் உடல்வெப்பமானியை ஒட்டினான். முப்பது டிகிரி காட்டியது. உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டினான். அதுவும் முப்பது.

"இந்தக் கட்டுல இருக்கற மானி எல்லாமே கோளாறு சார். மனுச உடம்பு எங்கயாவது முப்பதுக்கு இறங்குமா?"

"தொட்டா ஜில்லுன்னு இருக்கேப்பா."

"ஈரம் சார். நீங்க விசிறுறதை நிறுத்தாதீங்க. கீழ போய் நல்ல மானியா எடுத்துட்டு வந்துடறேன்."

நிறுத்தாமல் விசிறினேன். நல்ல மானி வந்தபோது அவள் இல்லை. இறப்புச் சான்றில் எழுதினார்கள்: காரணம் தெரியவில்லை, மானிகள் பழுது. நிர்வாகக் குழு பூத்த ஆர்க்கிட் ஒன்றை அனுப்பி இரங்கல் தெரிவித்தது. கூடவே ஒரு அட்டை: வாடினால் சொல்லவும், மாற்றித் தரப்படும்.

அவளுடைய செடியில் பதினொரு பூக்கள் வந்தன. குழுவினர் வந்து படம் பிடித்தார்கள். இப்போது தளத்துக்கு ஒரு குளிர்மாடம், செடிகளுக்காக. ரெஜினாவின் ஆர்க்கிட் மூன்றாம் முறை பூத்துவிட்டது. படியில் என்னை நிறுத்தி வைத்துச் சொல்கிறாள்.

குளிரில் நனைந்தவர்களை அந்தக் காலத்தில் கம்பளியால் போர்த்துவார்கள் என்று பின்னால்தான் படித்தேன். குழுவிடம் கேட்டேன். இங்கே யாருக்குக் குளிரப்போகிறது என்று சிரித்தார்கள்.

நாற்பதாயிரம் பேர் வாழும் இந்தக் கோபுரத்தில் இன்றும் ஒரு கம்பளி இல்லை.