வீட்டு லைனில் கேட்ட சிரிப்பு

மணி அடிக்கும் முன்பே வீட்டிலிருந்த பெட்டி அழைப்பை எடுத்துவிட்டது. எடுக்கக் கூடாது. யாராவது பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் எடுக்க வேண்டும் என்று அவன்தான் அமைத்திருந்தான். அமுக்க வீட்டில் ஆள் இல்லை.

அந்த வானொலி நிலையத்தின் இன்ஜினியர் அவன். அவன் மனைவி அங்கே அறிவிப்பாளர். கால் முறிந்து வீட்டோடு இருப்பவள் நிகழ்ச்சியை விட மனமில்லாமல் அடம்பிடித்ததால், பின்னறையில் மைக்கும் கோடெக் பெட்டியும் வைத்துக் கொடுத்திருந்தான். அவள் அங்கே பேசுவதை இணையம் வழியாக வாங்கி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பெட்டி அது. நிலையத்து எண்ணைத் தவிர வேறெந்த அழைப்பையும் அது ஏற்காது. லைன் அறுந்தால் அவன் செல்போனுக்குச் செய்தி வரும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். மைக்கில் பேச்சுச் சத்தம் கேட்டாலும் செய்தி வரும்படி அவன் செய்து வைத்தது மட்டும் அவளுக்குத் தெரியாது.

காரணம் பட்டுக்குரல் என்பவன். நிலையத்தில் அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்துபவன். "உங்க வீட்டம்மா சிரிச்சா நம்ம சவுண்டு மீட்டரே வெக்கப்படுது சார்" என்று ஒருமுறை அவன் விளையாட்டாகச் சொன்னதும் அறையே சிரித்தது. இன்ஜினியரும் சிரித்தான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுடைய அந்தச் சிரிப்பு வீட்டில் அவன் காதில் விழுந்து எத்தனையோ காலமாயிற்று.

இன்று பிற்பகல் அவள் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வெளியே மழை. ஜன்னலில்லாத கட்டுப்பாட்டு அறைக்குள் அது எட்டவில்லை, ஏ.சி.யின் ஈரவாடையும், சூடேறிய வயர்களின் லேசான கருகல் மணமும், கண்ணாடிக்கு அப்பால் செய்தி வாசிப்பாளரின் ஓசையில்லாத உதட்டசைவும்தான் அங்கே இருந்தன. அப்போதுதான் செல்போன் அதிர்ந்தது. வீடு: பேச்சுச் சத்தம்.

உடனே வீட்டுப் பெட்டியைக் கூப்பிட்டான். பெட்டி தானாக எடுத்தது.

ஹெட்போனில் முதலில் பின்னறை மின்விசிறியின் கிறீச், அதன் அடியில் ஓட்டின் மேல் விழும் மழை, பிறகு யாரோ துணியைச் சரிசெய்துகொள்ளும் சரசரப்பு. அப்புறம் ஒரு சிரிப்பு. தொண்டையில் தொடங்கி மூக்கில் முடியும் சிரிப்பு. அவளுடையது.

ஆஸ்பத்திரியாம். அவன் காது மடல் சுட்டது. பட்டுக்குரல்தான் என்று பாதி எழுந்துவிட்டான். கண்ணாடிக்குள் செய்தி முடிந்தது. வாசித்தவர் விலக, அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து மைக்கை இழுத்தவனே பட்டுக்குரல்தான். இவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

அப்படியானால் அங்கே யார்?

தாழ்ந்த ஆண்குரல் ஒன்று முணுமுணுத்தது. இன்ஜினியர் ஒலியைக் கூட்டினான்.

"கால் வலிக்குதா தங்கம்? இப்படி என் மடியில நீட்டு."

மறுபடி அந்தச் சிரிப்பு.

வயிறு பற்றி எரிந்தது. அவன் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. இன்னொரு காதில் செல்போனை வைத்து அவளை அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க."

"எங்க இருக்க?"

"கார்லதான். டாக்டர் பார்த்தாச்சு. அக்கா ஓட்டுறா. ஒரே மழை."

வைப்பரின் சத்தம் கேட்டது. அக்கா யாரையோ திட்டி ஹாரன் அடித்தாள். அதே நேரம் ஹெட்போனில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ... இப்ப சிரிச்சியா?"

"இந்தக் காலோட சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்."

ஹெட்போனில் ஆண்குரல் மெல்லப் பாட ஆரம்பித்தது. சுருதி விலகுகிற இடம் அவனுக்குத் தெரியும். குளிக்கும்போது அவனும் அங்கேதான் விலகுவான். அந்த இருமலும் தெரியும். இருமலுக்குப் பின் தொண்டையைச் செருமுவதும் தெரியும்.

அது அவன் குரல்.

ஆனாலும் அந்த எரிச்சல் அணையவில்லை. தன் குரல் அவளிடம் இவ்வளவு குழைவாகப் பேச முடியுமா என்ன?

"வீட்டுக்குப் போகாத. அக்கா வீட்டுக்குப் போயிடு."

"விளையாடுறீங்களா? இப்பத்தானே நீங்களே கூப்பிட்டு, வீட்லதான் இருக்கேன், சீக்கிரம் வான்னீங்க." அவள் குரல் இறங்கி, கூச்சப்பட்டது. "எவ்வளவு ஆசையா கூப்பிட்டீங்க. அப்படிக் கூப்பிட மாட்டீங்களான்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?"

"அது நான் இல்ல."

"இதோ வாசலுக்கே வந்தாச்சு. பாருங்க, கதவைத் திறந்து வெச்சுட்டு இப்படிப் பேசுறீங்க. அக்கா, நீ கிளம்பு. அவர் இருக்கார்."

"உள்ள போகாத! நான் நிலையத்துல இருக்கேன்!"

கார் நகரும் ஓசை. போனைக் கையில் பிடித்தபடியே அவள் நடந்திருக்க வேண்டும். ஊன்றுகோலின் தட்டு செல்போனில் கேட்டது. அடுத்த தட்டு ஹெட்போனிலும். நெருங்கியது. நிலைப்படி. கூடம். பின்னறை.

"ஏங்க..." என்றாள். அவ்வளவு சந்தோஷமாக.

மைக்கை ஒட்டிச் சிரிப்பு.

ஊன்றுகோல் நின்றது.

"உள்ள யாரு சிரிக்கிறது?"

"நீதான் தங்கம்" என்றது அவன் குரல்.

அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

வீட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் கேட்கும் பேச்சுப் பொத்தானை அமுக்கி அவன் கத்தினான். கண்ணாடிக்கு அப்பால் பட்டுக்குரல் திடுக்கிட்டுத் திரும்பினான். செல்போனில் அவள் அழுதுகொண்டிருந்தாள். ஏங்க. கதவைத் திறங்க. ஏங்க. நகம் மரத்தைப் பிறாண்டியது. அதே அறைதான். ஆனால் ஹெட்போனில் அழுகையே இல்லை. நாற்காலியை நெருக்கிப் போடும் சத்தம். கிசுகிசுப்பு. சிரிப்பு.

ஓட வேண்டும். அது அவனுக்குத் தெரியும்.

செல்போனில் அழுகை மெலிந்தது. மூச்சாயிற்று. பிறகு மூச்சும் கேட்கவில்லை. ஹெட்போனில் அவனுடைய குரல் அவளிடம் ஏதோ ரகசியம் சொன்னது. அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். திரையில் பச்சைக் கோடுகள் ஏறி ஏறி இறங்கின. அவன் உட்கார்ந்திருந்தான். என்ன சொன்னது என்று சரியாகக் கேட்கவில்லை. அவன் விரல்கள் குமிழைப் பிடித்து, ஒலியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டிருந்தன.